எழுந்ததும் ஏன் கிறுகிறுக்கிறது?



சென்ற ஆண்டு ஒரு நாள், உச்சி வெயில் நேரம். பெரம்பலூர் செட்டிகுளம் பக்கத்தில் எங்கள் வெங்காயக் கொல்லையில் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்த அப்பாயி, சட்டென்று எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லடா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம்தான்!

நிற்கும்போது இதயத்திலிருந்து பாதம் சுமார் 1.2 மீட்டர் கீழே இருக்கிறது. ரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோ. இரண்டையும் பெருக்கி, 9.81-ஆலும் பெருக்குங்கள். சுமார் 12,500 பாஸ்கல், அதாவது 94 மில்லிமீட்டர் பாதரசம் பாதத்தில் கூடுதலாகச் சேர்கிறது. எழுந்தவுடன் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கிவிடும்.

அப்படியானால் நாம் ஏன் விழுவதில்லை? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள், எஞ்சினின் கவர்னர் மாதிரி உடனே வேலை செய்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கை கால்களின் சிறு தமனிகள் சுருங்குகின்றன. காலைத் தொங்கவிட்டால் அங்குள்ள சிறு தமனிகள் தாமாகவும் சுருங்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை பம்ப் போல ரத்தத்தை மேலே தள்ளும்.

வயதானால்? வெயிலில் கிடந்த ரப்பர் டியூப் போலத் தமனிகள் விறைத்துப்போகின்றன. மீள்தன்மை தரும் எலாஸ்டின் சிதைந்து, கொலாஜன் கூடுகிறது. விறைத்த சுவர் சரியாக விரியாததால் உணரிகளும் மந்தமாகின்றன. வெயிலும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அரியலூரில் இருக்கும் பெரியப்பாவுக்கும் இதே கிறுகிறுப்பு. சில பிரஷர் மாத்திரைகளும் இதைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்திற்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

இப்போது அப்பாயி முதலில் வரப்பில் உட்கார்ந்து, காலை நாலு தடவை ஆட்டி, செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுகிறார். "படிச்ச பய சொன்னா கேக்கணும்ல" என்று சிரிக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றே சொல்லுங்கள், தோழர்களே!