சாம்பார் சாதம் நாய்க்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய்க்கு நான்கு வயது, எடை 10 கிலோ. நாங்கள் சாப்பிடும் சாம்பார் சாதத்தையே தினமும் பிசைந்து வைக்கிறோம். வெங்காயம் நாய்க்கு விஷம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “எங்க ஊர்ல எல்லா நாயும் இதைத் தின்னுதான் வளர்ந்துச்சு” என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட் எல்லாம் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

கால்நடை மருத்துவர் பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. மாமியார் சொல்வதிலும் பொய்யில்லை; வெங்காயத்தின் கெடுதல் தின்ற அன்றே தெரியாது என்பதால் சாம்பார் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சோகை வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். வதக்கினாலும் வேகவைத்தாலும் இந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே வேளையில் தின்றால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. உங்கள் நாய்க்கு அது 50 கிராம், அதாவது ஏழெட்டுச் சின்ன வெங்காயம். வெங்காய சாம்பாரின் அடியை வழித்து வைத்தாலே அவ்வளவு தேறிவிடும். தினமும் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு வரலாம்.

இன்றே அதன் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். ஈறு கறுப்பாக இருந்தால் கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் செம்பழுப்பாகப் போனால், ரத்தப் பரிசோதனை உடனே தேவை.

திராட்சை இதைவிட மோசம். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இத்தனை தின்றால் ஒன்றும் ஆகாது என்ற அளவே கிடையாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் பதிவாகியிருக்கின்றன. எனவே புளியோதரை, புளிக்குழம்பு, கரைத்துப் பிழிந்த சக்கை எதுவும் வேண்டாம்.

சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் இதயத் துடிப்பை எகிறச் செய்து வலிப்பு வரை கொண்டுபோகும். கசப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய்களில் சைலிட்டால் இருக்கலாம். அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். வேகவைத்த கோழி எலும்பு கூராகச் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று உப்புக் கரைசலைப் புகட்டாதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். அறிகுறிக்காகக் காத்திருக்காமல், தின்ற பொருளின் கவரோடு மருத்துவரிடம் ஓடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால், பெரும்பாலும் வாந்தி எடுக்க வைத்து வெளியேற்றிவிடலாம்.

நாய்க்கென்று தனிச் சமையல் வேண்டியதில்லை. சாம்பாருக்குப் பருப்பு வெந்ததும், புளியும் வெங்காயமும் சேர்வதற்கு முன்னால், இரண்டு கரண்டி தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதோடு சாதம், அவித்த முட்டை அல்லது எலும்பு நீக்கிய கோழிக்கறி, வெந்த கேரட் அல்லது பரங்கிக்காய் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். மாமியாரே பிசைந்து வைக்கட்டும். வெங்காயம் இல்லை என்பதற்காக நாய் கோபித்துக்கொள்ளாது.