தடை நீங்கியது, தயக்கம் நீங்கியதா?



இந்த இதழின் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது முடிந்துபோனதாக எல்லாரும் நினைக்கும் ஒரு விடயம். கொரோனா காலத்துக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபோது நம் மனதில் எழுந்த சந்தோசத்தையும் பயத்தையும் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். "அதான் முடிஞ்சு போச்சே, இப்ப ஏன் அதைக் கிளறணும்?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஊரடங்கு எடுபட்டு வருடங்கள் ஆகியும், அந்த நாட்களில் முகம் கொடுக்காமல் பிரிந்த சில வீடுகள் இன்னும் பிரிந்தே இருக்கின்றன. நாளைக்கு இன்னொரு தொற்றுநோய் வந்தாலும் அதே தவறை நாம் மறுபடி செய்துவிடக் கூடாது. ஆகவே நிதானமாக உட்கார்ந்து இதை யோசிப்போம்.

மூடியது எது, மூடாதது எது?

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. டவுன் கடைகள் மூடின. பஸ் நின்றது. கந்தோர்கள் மூடின. அதற்கு முன்பே பாடசாலைகளும் மூடப்பட்டிருந்தன. "வீட்டிலேயே இருங்கள்" என்று ரேடியோவும் டிவியும் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆனால் தேயிலைத் தோட்டங்கள் வேலை செய்ய அனுமதிக்கப்பட்டன. கொழுந்துக்கு ஊரடங்கு தெரியாது; காலத்தில் எடுக்காவிட்டால் முற்றிப்போகும். அதனால் நாம் வழமைபோல பிரட்டுக்களத்திற்குப் போனோம், பெயர் போட்டோம், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினோம்.

அப்படியானால் நமக்கு மூடப்பட்டது எது? கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு, பிள்ளைகளின் படிப்பு, டவுனுக்குப் போகும் பஸ், கொழும்பில் வேலை செய்யும் மகனும் மகளும் வீட்டுக்கு வரும் பாதை. நமக்கு அடைபட்டது வேலை அல்ல, ஒருவரை ஒருவர் பார்க்கும் வழிதான். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம்.

இந்தத் தடை ஒரே தடவையில் வந்து ஒரே தடவையில் போகவும் இல்லை. 2020 மே மாதத்தில் தளர்த்தத் தொடங்கி, ஜூன் 28ஆம் திகதி ஊரடங்கை முற்றாக எடுத்தார்கள். ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்தது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாவது அலை. அந்த வருடம் ஓகஸ்ட் 20ஆம் திகதி மறுபடி ஊரடங்கு, ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை மறுபடி நீக்கம். "முடிஞ்சது" என்று சொல்லிச் சொல்லி, முடியாமலே போனதைப் பார்த்தவர்கள் நாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். கடைசியாக நீக்கியபோது நம்மில் பலர் உடனே நம்பாததில் ஆச்சரியம் இல்லை.

ஒரே லயத்தில் இரண்டு மனம்

நீக்கிய அன்று பீலியடியில் என்ன கதைத்துக்கொண்டார்கள் என்பதை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

"அப்பாடா! இனி எங்க பொடியன் கொழும்புக்கு வேலைக்குப் போவான். அடகு வச்ச தோட்டை மீட்டுடலாம்" என்றார் ஒரு அக்கா. அவருடைய மகன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர். கடை மூடியதும் மாதக்கணக்கில் வருமானம் இல்லாமல் லயத்தில் இருந்தார். கடைக்காரரிடம் கடன் ஏறிக்கொண்டே போனது.

"உனக்கென்ன தங்கச்சி, எங்க வீட்டுல மாமிக்குச் சீனி வருத்தம், மூச்சு முட்டும். நாம இருக்கிறது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும்தான். இப்பவே ஏன் தொறந்து விடுறாங்க?" என்றார் அடுத்த குடத்தை வைத்திருந்தவர்.

யார் சொன்னது சரி? இரண்டு பேர் சொன்னதும் சரிதான். பசிக்குப் பயந்தவரும் நோய்க்குப் பயந்தவரும் தத்தம் குடும்பத்தைக் காப்பாற்றவே பார்த்தார்கள். முதலாமவரை "பயமில்லாதவள், நோயைக் கொண்டுவருவாள்" என்றும், இரண்டாமவரை "கோழை, அடுத்தவன் பிழைப்பைக் கெடுப்பவள்" என்றும் பேசியதுதான் பிழை.

பல பேருக்கு இந்த இரண்டு எண்ணமும் ஒரே மனதில் இருந்தன. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டன. ஒரே ஒரு போனை மூன்று பிள்ளைகளுக்குப் பங்குபோட்டு, சிக்னல் தேடி மேட்டுக்கு அனுப்பிய தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் வெள்ளை உடுப்புப் போட்டு அனுப்பிவிட்டு, பிள்ளை திரும்பி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தவரும் அதே தாய்தான். இடைக்காலத்தில் கடை வேலைக்குப் போன மூத்த பிள்ளை, பாடசாலை திறந்தும் திரும்பிப் போகாத துக்கம் சில வீடுகளில் இருந்தது.

வெளியில் சொல்லாத இன்னொரு நினைப்பையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஊரடங்கில் தவறணை மூடியிருந்த நாட்களில், சம்பளக் காசு முழுசாக வீட்டுக்கு வந்ததாகச் சில தாய்மார் சொல்வதுண்டு. தவறணை திறந்த செய்தி அவர்களுக்குச் சந்தோசச் செய்தியாக இருக்கவில்லை. வேறு சில வீடுகளில், வெளியே போக வழியில்லாமல் அடைபட்டிருந்த காலத்தில்தான் அடியும் சண்டையும் கூடியது. அங்கே திறந்தது பெரிய ஆறுதல். ஆக, ஒரே உத்தரவு வீட்டுக்கு வீடு வேறு வேறாகத்தான் விழுகிறது.

நம் முன்னோர் கண்ட தடை

நோய்க்காக ஆட்களைத் தடுத்து வைப்பது நம் சமூகத்திற்குப் புதிது அல்ல. நம் பாட்டன் பூட்டன் பலர் தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டுவதற்கு முன் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டார்கள். கொள்ளை நோயும் வாந்திபேதியும் அம்மையும் இலங்கைக்குள் வராமல் பார்ப்பதற்காக அந்த முகாமை இலங்கை அரசாங்கமே நடத்தியது. அதில் மருத்துவ நியாயம் இருந்தது. ஆனால் காசுள்ள பயணிக்கு ஒரு மாதிரியும், கூலிக்கு வந்தவருக்கு இன்னொரு மாதிரியும் நடந்தார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது இரண்டு. தடை சில வேளைகளில் அவசியம். அதே வேளை தடையின் பாரம் எல்லாத் தோளிலும் ஒரே அளவாக ஏறுவதில்லை. தடையை எடுக்கும்போதும் அப்படித்தான்.

கதவு திறக்காத வீடு

ஒரு தோட்டத்தில் நடந்ததை இங்கே சொல்கிறோம். பெயர் வேண்டாம், இது எந்தத் தோட்டத்திலும் நடந்திருக்கக் கூடியது.

2020 கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பொடியன் வீட்டுக்கு வந்தான். சில நாளில் காய்ச்சல். பரிசோதித்தபோது கொரோனா. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் அறிவித்தல் ஒட்டினார். குடும்பமே தனிமைப்படுத்தலில். அதுவரைக்கும் நடந்தது சட்டப்படி நடந்தது.

அதற்கு மேல் நடந்தது சட்டத்தில் இல்லாதது. அவர்களைப் பீலிக்கு வரக் கூடாது என்றார்கள். அவர்கள் காம்பரா இருந்த பக்கம் பிள்ளைகளைப் போக விடவில்லை. "கொழும்பு நோயைக் கொண்டு வந்த வீடு" என்று பெயர் வைத்தார்கள். பதினாலு நாள் முடிந்தது. அறிவித்தலைக் கிழித்தார்கள். பொடியன் சுகமாகி வந்துவிட்டான். நாட்டில் ஊரடங்கும் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுத் தேத்தண்ணியை அக்கம்பக்கத்தவர் ஒருவரும் குடிக்கவில்லை.

பொடியனின் அம்மா நம்மிடம் சொன்னது இது: "அரசாங்கம் போட்ட தடையை அரசாங்கம் எடுத்துருச்சு. லயத்து ஆளுங்க போட்ட தடையை யாரு எடுக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தப் பாடம். லயத்து ஆட்கள் கெட்டவர்கள் அல்ல. பயந்துபோயிருந்தார்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான் என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் நோயைத் தள்ளி வைப்பதற்குப் பதிலாக நாம் ஆளைத் தள்ளி வைத்தோம். நோய் இரண்டு வாரத்தில் போனது; அந்தத் தள்ளி வைப்பு வருடக்கணக்கில் நின்றது.

உத்தரவு வேறு, நோய் வேறு

தடை நீங்கினால் நோய் போய்விட்டது என்று சிலர் நினைத்தார்கள். அப்படி அல்ல. 2021இல் தடையைத் தளர்த்த முடிந்ததற்குப் பெரிய காரணம் தடுப்பூசி. நம் நாட்டில் கூடுதலாகப் போடப்பட்டது சினோபார்ம். தடுப்பூசி போட்டவருக்கும் தொற்று வரலாம். ஆனால் நோய் கடுமையாகி உயிர் போகும் ஆபத்து நன்றாகக் குறைகிறது. ஆகவே ஆபத்து குறைந்தபோது கட்டுப்பாட்டைக் குறைத்தார்கள். ஆபத்து இல்லாமல் போனதால் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி, கொரோனா உலக அவசரநிலை அல்ல என்று அறிவித்தது. கிருமி இல்லாமல் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. நம் நாட்டில் இந்த நோயால் 16,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஆள் போன வீட்டில், "எல்லாம் முடிஞ்சது" என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழக்கூட முடியாமல் போன துக்கம் அது. இப்போதாவது அந்த வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வரலாம். பிந்திப் போவது போகாமலே இருப்பதை விட நல்லது.

எதை விடுவது, எதை வைத்திருப்பது?

தடையோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. நல்லதை வைத்துக்கொள்வோம்.

1. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல். கொரோனாவுக்கு மட்டுமல்ல, வயிற்றோட்டத்திற்கும் இதுவே முதல் மருந்து. பிள்ளை மடுவத்து வாசலில் வைத்த தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தால் திருத்தக் கேட்போம்.

2. ஜன்னலைத் திறத்தல். இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவுகிறது. மலையில் வெளிக்காற்றில் ஆபத்து குறைவு. அடைத்த காம்பராவிலும் நெரிசலான பஸ்ஸிலும் கூட. குளிர் என்று நாள் முழுக்க அடைத்து வைக்காமல், பகலில் கொஞ்ச நேரமாவது காற்று வர விடுவோம்.

3. இருமல் உள்ளவர் முகக்கவசம் போடுதல். சட்டம் கேட்காவிட்டாலும் வயதானவர், சீனி வருத்தம், மூச்சு வருத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இது மரியாதை. முகக்கவசம் போட்டவரைக் கேலி செய்வதை இன்றோடு விடுவோம்.

4. இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. அது காசநோயாகவும் இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் காசநோய்க்கு மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்தால் சுகமாகும். "கொரோனான்னு சொல்லிடுவாங்க" என்று பயந்து இருமலை மறைத்தவர்கள் இருந்தார்கள். மறைத்தால் நோய்தான் வளரும்.

விட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆளை ஒதுக்கும் பழக்கம்.

இருமலும் பெயரும்

கடினமான விடயத்திற்கு வருவோம். "சுகமில்லாவிட்டால் வீட்டில் இருங்கள்" என்று சொல்வது சுலபம். ஆனால் வேலைக்குப் போகாத நாளுக்குப் பெயர் விழாது. பெயர் இல்லாவிட்டால் சம்பளத்தில் அடிபடும். 2022இல் மா விலை, மண்ணெண்ணெய் விலை ஏறியபோது ஒரு நாள் பெயரை விட யாருக்குத் துணிவு இருந்தது? கட்டுப்பாடு நீங்கிய சந்தோசத்தை அனுபவிப்பதற்குள் அந்தக் கஷ்டம் வந்து சேர்ந்ததை நாம் மறக்கவில்லை.

இதற்குத் தனி ஆளிடம் பதில் இல்லை. ஆனால் லயமாகச் சேர்ந்தால் சிலதைச் செய்யலாம். காய்ச்சல் வந்தவர் முதல் நாளே தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போய்த் துண்டு எடுக்கட்டும். அந்த நாட்களுக்கு இலேசான வேலையோ லீவோ கிடைக்குமா என்று தலைவரும் மாதர் சங்கமும் துரையிடம் கேட்கட்டும். ஒரு ஆள் கேட்பதை விட பத்துப் பேர் கேட்பது பலன் தரும். மாதர் சங்கத்தில் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வருத்தமாய்க் கிடக்கும் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்கலாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னால் தொற்றும் வராது, உறவும் போகாது.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் கலந்து பேச

1. ஊரடங்கு நீங்கிய செய்தி கேட்டபோது உங்களுக்கு முதலில் வந்த நினைப்பு என்ன? அதை அப்போது யாரிடமாவது சொன்னீர்களா?

2. உங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் ஒதுக்கப்பட்ட வீடு உண்டா? இப்போது அவர்களோடு கொடுக்கல் வாங்கல், போக்குவரத்து எப்படி இருக்கிறது?

3. மறுபடி ஒரு தொற்றுநோய் வந்தால், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குத் தண்ணீரும் சாப்பாடும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இன்றே இரண்டு பேரின் பெயரைத் தீர்மானியுங்கள்.

4. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை உங்கள் லயத்தில் உண்டா? அந்தப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சிக்காவது வழி தேட யாரிடம் போகலாம்?

முடிவாக ஒன்று. மேலே சொன்ன அம்மாவின் வீட்டுக்கு, போன தைப்பொங்கலன்று பக்கத்துக் காம்பரா மாமி ஒரு கிண்ணம் பொங்கலோடு போனார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. "உக்காருங்க அக்கா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார் அந்த அம்மா. மாமி உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தார். அரசாங்கம் எடுக்க முடியாத தடையை அன்று எடுத்தவர் அந்த மாமிதான். உங்கள் லயத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால், அடுத்த பொங்கல் வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாருங்கள்.