பயாஸ் போன போர்டு: முதலில் படி, பிறகு எழுது

சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன். மதுரை டவுன்ஹால் ரோடானாலும் மேலூர், உசிலம்பட்டியானாலும் ஜி41, எச்61 போர்டுகள் இன்னும் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அச்சகத்துக்காரருக்குப் பழைய மென்பொருளும் பழைய தமிழ் எழுத்துருவும் அந்த மெஷினில்தான் ஓடும். ‘டெட் போர்டு’ என்று நீ ஒதுக்கினால் அவர் வேலை நின்றுபோகும்.

1. பயாஸ்தான் போச்சு என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதே. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார். சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் காட்டுகிறதா என்று அளந்து பார். சிஎம்ஓஎஸ் ஜம்பரைக் கிளியர் செய். பிறகு ஸ்பீக்கரை மாட்டி, ரேமை முழுதும் கழற்றிவிட்டு ஆன் செய். பீப் கேட்டால் பயாஸ் ஓடுகிறது, கோளாறு வேறெங்கோ.

2. பயாஸ் கெட்டாலும் பூட் பிளாக் என்ற சிறு பகுதி பல போர்டுகளில் தப்பித்திருக்கும். பழைய அவார்டு பயாஸ் ஃபிளாப்பியைத் தேடும். திரை இருட்டாக இருந்தாலும் டிரைவ் விளக்கு எரிகிறதா என்று கவனி. ஏஎம்ஐ என்றால் பயாஸ் ஃபைலுக்கு ‘AMIBOOT.ROM’ என்று பெயரிட்டு, கன்ட்ரோலும் ஹோமும் அழுத்திப் பார். இன்டெல் போர்டில் பயாஸ் ஜம்பரைக் கழற்றினாலே ரெகவரிக்குப் போகும். ஜிகாபைட்டில் இரண்டு சிப் இருக்கிறதா பார். டூயல் பயாஸ் என்றால் உன் வேலையில் பாதி முடிந்தது.

3. இதெல்லாம் பலிக்காவிட்டால் பயாஸ் சிப்பைப் படித்து எழுதும் புரோகிராமரை எடுத்து, அதன் கிளிப்பை சிப்பின் கால்களில் மாட்டு. எடுத்ததும் எழுதாதே. நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். கெட்டுப்போன சிப்பிலும் அந்த போர்டின் மேக் முகவரி, சீரியல் எண் போன்றவை மிச்சமிருக்கலாம்; கம்பெனி தரும் ஃபைலில் அவை இருக்காது. சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலையும் ஒப்பிடு. ஒரு பைட் மாறினாலும் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்; காலைத் துடைத்து மறுபடி மாட்டு. இரண்டும் ஒன்றானால் போர்டு பெயர், தேதி போட்டுப் பத்திரப்படுத்து. அப்புறம்தான் அழிப்பதும் எழுதுவதும். எழுதியதை வெரிஃபை செய்யாமல் கிளிப்பை எடுக்காதே.

4. சிப்பின் ஓரத்துப் புள்ளிதான் முதல் கால். கிளிப்பை மாட்டும்போது போர்டில் கரன்ட் இருக்கவே கூடாது. பழைய டெஸ்க்டாப் சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்; 1.8 வோல்ட் சிப்பும் உண்டு, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஹெச்341ஏ புரோகிராமர் சிலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். மீட்டரில் அளந்துவிட்டுத் தொடு. கிளிப்பில் சிப்பே தெரியவில்லையா? உன் வோல்டேஜை போர்டின் மற்ற பாகங்கள் இழுத்துக்கொண்டிருக்கலாம். சாக்கெட் சிப் என்றால் கழற்று, இல்லையேல் ஹாட் ஏர்.

5. ஃபைல் விஷயத்தில் ரிவிஷன் எண்ணைப் பார்க்காமல் கை வைக்காதே. ஒரே மாடலில் 1.0க்கும் 2.0க்கும் பயாஸ் வேறாக இருக்கலாம். 25க்யூ32 என்றால் 32 மெகாபிட், அதாவது 4 எம்பி. ஃபைல் சரியாக 41,94,304 பைட் இருக்க வேண்டும். அசூஸின் ‘கேப்’ ஃபைலில் முன்னால் 2,048 பைட் கூடுதலாக இருக்கும். அதை நீக்கிவிட்டு எழுது. இன்டெல் தன் பழைய போர்டுகளின் பயாஸ்களை 2019 நவம்பரில் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே நல்லபடியாக ஓடும் போர்டு கைக்கு வரும்போதே ஒரு பேக்கப் எடுத்து வை. நம் ஊர்க் கடைகள் இதைப் பகிர்ந்துகொண்டால் எத்தனையோ போர்டு பிழைக்கும்.

6. அப்டேட் பாதியில் கரன்ட் போவது பயாஸைக் கெடுக்கும். யுபிஎஸ் இல்லாமல் ஃப்ளாஷ் பண்ணாதே. வைரஸும் செய்யும்: 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் வைரஸ் ஹார்ட் டிஸ்கையும் பயாஸையும் சேர்த்து அழித்தது, இந்தியாவிலும்.

7. டிஸ்ப்ளே வந்ததும் தேதியைச் சரிசெய். சாட்டா மோடையும் பார். விண்டோஸ் ஐடிஇயில் போட்டிருக்க, பயாஸ் ஏஹெச்சிஐக்கு மாறியிருந்தால் நீலத் திரை வரும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து ஃபார்மேட் அடித்துவிடாதே. மோடை ஐடிஇக்குத் திருப்பினால் வாடிக்கையாளருடைய ஃபைலெல்லாம் அப்படியே திறக்கும்.