கொல்லைப்புற விருந்தும் மூடாத கிணறும்

பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே பட்டணத்துப் பேரன் பேத்திகள் வந்து இறங்குவதும், அவர்களைக் கண்ட பூரிப்பில் பெரியவர்கள் கொல்லை மாமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, உற்றாரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து, வெயில் தாழ்ந்தபின் ஒரு விருந்து வைத்து மகிழ்வதும் நம் காவிரிக் கரை ஊர்களில் நெடுநாளைய வழக்கம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 வரையில் பலருக்கு வயல் வேலை ஓய்ந்திருக்கும் ஆதலின், இந்தச் சந்தோஷத்துக்கு இதைவிட உகந்த காலமும் இல்லை. விருந்து வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. சுகாதார ஆய்வாளன் என்ற முறையில், சித்திரை பிறந்துவிட்ட இவ்வேளையில் செய்ய வேண்டியவற்றைச் சொல்ல வந்தேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி ஏறக்குறைய 25 நாள் நீடிக்கும். அந்நாட்களில் மாலை 5 மணிக்கு முன் யாரையும் கொல்லையில் உட்கார வைக்காதீர்கள். கீற்றுப் பந்தலுக்கும் அடுப்புக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். மோரும் பானகமும் காய்ச்சி ஆறிய நீரில் கலக்குங்கள். மீனுக்குப் போடும் பனிக்கட்டியைப் பானகத்தில் போடாதீர்கள். ஈர மண்ணில் மின்கம்பியை இழுக்காதீர்கள். விறகுக் குவியலையும் கீற்றுக் கட்டையும் இருட்டுமுன் தள்ளி வையுங்கள். குளிர்ச்சி தேடி விரியன் அங்கே ஒதுங்கும். சோறு, பருப்பு, இறைச்சி, பால் பண்டம் ஆகியவற்றை 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கலாகாது. வெக்கையில் நெடுநேரம் கிடந்த சோற்றில் ஊறிய நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. ஆகையால், மிஞ்சியதை எறிய மனமில்லாதவர்கள் அளவாக வடிப்பதே விவேகம்.

இவை யாவும் உங்களுக்குத் தெரிந்தவையே. எனக்கு இரவில் உறக்கம் கெடுப்பது வேறொன்று. அது கிணறும், தொட்டியும், மாட்டுக்கு வைத்த கழுநீரும்.

சென்ற கோடையில், 40 பேர் கூடியிருந்த ஒரு கொல்லையில், பந்தலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்த கழுநீர்த் தொட்டியில், முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில், மூன்று வயது நிரம்பாத ஒரு குழந்தை பிராணனை விட்டது. பிள்ளை அத்தையிடம் இருப்பதாகத் தாய் நினைத்தாள். தாத்தாவிடம் இருப்பதாக அத்தை நினைத்தாள். தாத்தாவோ, இத்தனை பெண்கள் இருக்கும் இடத்தில் குழந்தைக்கு என்ன குறை என்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அலறல் கேட்கவில்லையே என்று அழுதபடி என்னைக் கேட்டார்கள். நீரில் மூழ்கும் குழந்தை அலறுவதில்லை ஐயா! மூச்சுக்கே வழியற்ற தொண்டையில் கூச்சல் எங்கிருந்து வரும்? இலை போட்டு முடிப்பதற்குள், சத்தமின்றி எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

ஆதலின் சொல்கிறேன்: கிணற்றை மூடுங்கள். கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சுவரை ஒட்டிக் கிடக்கும் உரலும், கவிழ்த்த அண்டாவும், தோய்க்கிற கல்லும் ஏறி எட்டிப் பார்ப்பதற்கென்றே போட்ட படிகள். அவற்றை அப்புறப்படுத்துங்கள். இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள்; தென்னங்கீற்றைப் பரப்பி வைப்பது மூடி ஆகாது, கண்ணை ஏமாற்றும் பொறியாகும். தொட்டி, வாளி, அண்டா அனைத்தையும் விருந்தினர் வருமுன் கவிழ்த்துவிடுங்கள். “எங்கள் வீட்டுப் பிள்ளை அங்கெல்லாம் போகாது” என்று என்னிடம் சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். போகும். பட்டணத்தில் குழாயையே கண்டு வளர்ந்த பிள்ளை, கிணற்றைக் கண்டால் அங்கேதான் முதலில் போகும்.

அதோடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒருவரும் பார்க்கவில்லை என்பதற்கு மறுபெயர். அவர் பரிமாறக் கூடாது. கைப்பேசியைத் தொடக் கூடாது. மது அருந்தியவராக இருக்கவே கூடாது. கால்மணிக்கு ஒருமுறை, “இனி நீ பார்த்துக்கொள், சுந்தரி” என்று அடுத்தவரை அழைத்து, அவர் “சரி” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே இடத்தைவிட்டு எழ வேண்டும்.

பந்து கிணற்றில் விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டு எடுங்கள். வராவிட்டால் பந்து போகட்டும். நீர் வற்றிய கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கக்கூடும்; இறங்கியவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்கப் பதறி இறங்குபவனும் விழுவான். உள்ளே ஆள் விழுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தை 101-இல் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறி ஒரு குழந்தையை நீரிலிருந்து எடுக்க நேர்ந்தால், தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், தோளில் போட்டுச் சுழற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அந்தப் பழைய பழக்கத்தால் வீணாகும் நிமிஷங்கள் குழந்தையின் நிமிஷங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சில்லையென்றால் மல்லாத்திக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். அசைவில்லையேல் மார்பின் நடுவே 30 முறை விரைந்து அழுத்தி 2 முறை ஊதுவதாக, வண்டி வரும்வரை விடாது செய்யுங்கள். இதை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் இந்த வாரமே செய்து பழகிக்கொள்ளலாம். குழந்தை கண் விழித்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே தீர வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும்.

விருந்து முடிந்து இலை எடுத்தபின், பாத்திரம் கழுவ நிரப்பிய தொட்டியை விடியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மற்றவர் விழிக்குமுன் எழுந்து கொல்லைக் கதவைத் திறப்பது பெரும்பாலும் வீட்டின் சின்னக் குழந்தைதான். அன்றிரவே, விளக்கை அணைக்குமுன், கவிழ்த்துவிட்டுக் கிணற்றுப் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.