தொடுபுள்ளி ஆயத்தொலைவும் ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப் பொருளும்

முன்னுரை

தொடுதிரையில் விரல் படும் இடத்தை உலாவி எண்களாக நிரலுக்கு அளிக்கிறது. இதற்கான தொடுநிகழ்வு வரையறையை டபிள்யூ3சி 2013 அக்டோபரில் பரிந்துரையாக வெளியிட்டது. ஒரே தொடுகைக்கு அவ்வரையறை மூவகை ஆயத்தொலைவுகளைத் தருகிறது. இவற்றைத் தமிழில் வேறுபடுத்தும் கலைச்சொற்களின் தேவையை இக்கட்டுரை இலக்கண நோக்கில் ஆராய்கிறது.

எல்லைப் பொருள்

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களைக் கூறுகிறது. ‘மதுரையின் வடக்கு திண்டுக்கல்’, ‘கரூரின் தெற்கு திண்டுக்கல்’ என்பன எல்லைப் பொருளில் வந்த தொடர்கள். ஊர் இடம்பெயரவில்லை, எல்லை மாறியதால் திசை மாறியது. எல்லையைச் சுட்டாமல் ‘வடக்கு’ என்று மட்டும் கூறின் பொருள் நிரம்பாது.

மூன்று எல்லைகள்

தொடுபுள்ளிக்கும் இந்நிலையே பொருந்தும். ‘கிளையண்ட்ஒய்’ உலாவியின் காட்சிப்பரப்பையும், ‘பேஜ்ஒய்’ முழுப் பக்கத்தையும், ‘ஸ்கிரீன்ஒய்’ கருவியின் திரையையும் எல்லையாகக் கொள்கின்றன. மூன்றிலும் ஆதிப்புள்ளி இடப்பக்க மேல்மூலையே. பள்ளிக் கணிதத்தில் செங்குத்துத் தொலைவு மேல்நோக்கி வளரும். இங்கோ கீழ்நோக்கி வளரும்.

600 பிக்சல் மேலே நகர்த்தப்பட்ட பக்கமொன்றில், காட்சிப்பரப்பின் மேல்விளிம்பிலிருந்து 200 பிக்சல் கீழே விரல் படுவதாகக் கொள்ளலாம். அப்போது கிளையண்ட்ஒய் 200, பேஜ்ஒய் 800. அங்கு ழகரம் எழுதிப் பழகுவதற்கான வரைபரப்பு, காட்சிப்பரப்பின் மேல்விளிம்பிலிருந்து 50 பிக்சல் கீழே தொடங்கினால், கோடு விழவேண்டிய இடம் 200 − 50 = 150. பேஜ்ஒய் மதிப்பிலிருந்து அதே 50ஐக் கழித்தால் 750 கிடைக்கும். கோடு விரலுக்கு 600 பிக்சல் கீழே விழும்; வரைபரப்பு சிறிதாயின் தோன்றவே தோன்றாது. இரண்டு எண்களும் சரியானவையே. வெவ்வேறு எல்லைகளுக்குரிய அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததே பிழை.

கலைச்சொல்லாக்கம்

மூன்றையும் ‘தொடுபுள்ளி ஆயத்தொலைவு’ என ஒரே சொல்லால் குறித்தால், இப்பிழையைத் தமிழ்வழிக் கற்போர் கண்டறிதல் அரிது. ‘திரையின் தொலைவு’ என ‘இன்’ உருபால் அமைப்பதும் போதாது. இக்கால வழக்கில் அது உடைமைப் பொருளாகவே கொள்ளப்படும். ஆதலின் எல்லையைச் சொல்லிலேயே வெளிப்படுத்தி, காட்சிப்பரப்பெல்லைத் தொலைவு, பக்கவெல்லைத் தொலைவு, திரையெல்லைத் தொலைவு என வழங்கலாம்.

நிறைவுரை

இலக்கணம் கணினியை முன்னறிந்தது என்பது இதன் கருத்தன்று. இடத்தைச் சொல்ல எல்லை வேண்டும் என்னும் தெளிவு தமிழ் இலக்கண மரபில் உண்டு. அத்தெளிவைக் கலைச்சொல்லாக்கத்திற்குப் பயன்படுத்தினால், சொல்லே பிழையைத் தடுக்கும் கருவியாகும்.