நீரிழிவின் வாயிலில் நிற்போர்க்கு உணவு நெறியும் நடையும்

புலால் உண்ணாத குடும்பத்தில், இரவில் உண்ணாத வழக்கத்தில் வளர்ந்த நமக்கு நீரிழிவு எங்ஙனம் வரும் என்று நம்மவர் பலர் வினவுகின்றனர். புலால் மறுத்தல் உயிர்க்கொலையைத் தவிர்க்கும் அறம். அவ்வறம் இலையில் விழும் சோற்றின் அளவைக் குறைத்துவிடுவதில்லை. கிழங்கு வகைகளை நீக்கிய நம் இலையில் அவ்விடத்தையும் சோறே நிரப்பிக்கொள்கிறது. நம் பாட்டனார் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் ஏர் உழுது, களம் மிதித்து அச்சோற்றைச் செரித்தனர். நாம் நாற்காலியில் அமர்ந்து அதே அளவை உண்கிறோம். ஆதலின் இதனைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

எல்லைக்கோடு எது?

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்குச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவின் முன்நிலை; 126உம் அதற்கு மேலும் நீரிழிவு. குளுக்கோஸ் நீர் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் 140 முதல் 199 வரை முன்நிலை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை முன்நிலையாகும். இரத்தசோகை உள்ளோர்க்கு இக்கடைசிப் பரிசோதனை பிழையான எண்ணைக் காட்டக்கூடும். அவர்கள் மற்ற இரண்டையும் செய்துகொள்ளல் நன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, முன்நிலையில் இருப்போர் 13.6 கோடி என மதிப்பிட்டது. முன்நிலையில் பெரும்பாலும் வலியோ சோர்வோ தோன்றுவதில்லை. எனவே 30 வயது கடந்தோர், குறிப்பாகப் பெற்றோருக்கு நீரிழிவு உள்ளோர், ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்தின்றி இயலுமா?

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் முன்நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளில், தனி அறிவுரை ஏதும் பெறாத குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய குழுவில் ஏறத்தாழ 39 பேருக்கே வந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்டோர் குழுவிலும் ஏறத்தாழ இதே பயன் கிட்டியது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில், எடையை நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதைக் குறிக்கோளாகக் கொண்டோர்க்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரையால் குறைந்தது 31 விழுக்காடு. ஒழுக்கம் அனைவரையும் காக்கும் என்று இவை கூறவில்லை. பலரைக் காக்கும் என்று உறுதியாகக் கூறுகின்றன.

தவத்தில் உள்ள மருத்துவம்

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறு என வகுக்கிறது. அவற்றுள் மூன்றை நாம் இங்கு நினைவுகொள்வோம். அநசனம் உண்ணாதிருத்தல், அவமோதரியம் பசிக்குக் குறைவாக உண்டல், ரசபரித்தியாகம் சுவைப்பொருள்களைத் துறத்தல். இவை வினை உதிர்ப்புக்காகச் சொல்லப்பட்டவை. உடல்நலம் உடன்விளையும் பயன். எல்லைக்கோட்டில் இருப்போர்க்கு இவற்றுள் நாள்தோறும் உதவுவது அவமோதரியமே. அட்டமி, சதுர்த்தசியில் உபவாசம் இருந்துவிட்டு, மறுநாள் பாரணையில் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் மிகுதியாக உண்டால் உடலுக்கு அந்நோன்பால் பயனில்லை. பாரணை எளிய உணவாகட்டும்.

இரவுண்ணாமையும் அவ்வாறே. கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது இரவெல்லாம் உடலுக்கு ஓய்வு தருகிறது. ஆனால் நேரம் போகிறதே என்று அவசரமாக வயிறு நிறையச் சோறு உண்டு, தொலைக்காட்சி முன் அமர்தல் அப்பயனைக் கெடுக்கும். அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்குத் திரும்புவோர், மாலை உணவைக் கையோடு எடுத்துச் சென்று ஐந்தரை மணிக்கு உண்ணலாம். பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டலும், ஒரு பிடி வேர்க்கடலையும், வெள்ளரிக்காயும் போதுமானவை.

இலையை அமைக்கும் முறை

1. இலையில் பாதி காய்களாக இருக்கட்டும்: அவரை, கொத்தவரை, புடல், பீர்க்கு, சுரை, பாகல். சாதுர்மாச காலத்தில் கீரையை விலக்குவோர்க்கும் இவை உண்டு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

2. கால் பங்கு பருப்பு, பயறு வகை. கால் பங்கு மட்டுமே சோறு. சாமை, வரகு, தினை நல்லவையே. எனினும் அவையும் மாவுப்பொருளே. அளவின்றி உண்டால் அரிசிக்கும் அவற்றுக்கும் வேறுபாடு இல்லை. குழையக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் விரைவில் சர்க்கரையை ஏற்றும்.

3. காப்பி, தேநீரில் சர்க்கரையை நீக்குக. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் மாற்றாகா. தேன் நமக்கு விலக்கப்பட்டதே.

4. பழச்சாறு வேண்டா, கொய்யா போன்ற பழத்தைக் கடித்து உண்க.

நடை

உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. வயிற்றில் கொழுப்பு சேரச் சேர இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. இயங்கும் தசையோ இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்தல் பெரும்பயன் தரும். வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட விரைநடையும், இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். நிலம் நோக்கி, சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் நடப்பது நம் மரபு; வெளிச்சம் உள்ள பொழுதில் அதனை வைத்துக்கொள்வோம். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் மகளிர்க்கு 80க்குள்ளும் இருத்தல் நன்று. 70 கிலோ எடையுள்ளோர் ஐந்து கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியும்.

எச்சரிக்கை

மருத்துவர் முன்னரே மருந்து கொடுத்திருப்பின், இதனைப் படித்து அதனை நிறுத்தலாகாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வோர், உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். சர்க்கரை மிகத் தாழ்ந்தால் உயிருக்கே இடர். கருவுற்றோர் தாமாக உணவைக் குறைக்க வேண்டா. மற்றையோர் மூன்று மாதம் இந்நெறியில் நின்று மீண்டும் பரிசோதிக்கட்டும். எண் ஏறியிருப்பின் மருந்து கொள்வதில் இழுக்கில்லை.

இந்நெறி ஒருவர் மட்டும் தனித்து நோற்பதற்கு அரிது. சமைப்பவரும் பரிமாறுபவரும் உடன் நின்றால் எளிது. "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திப் பரிமாறும் வழக்கத்தை நம் இல்லங்களில் இன்றே கைவிடுவோம். அளவறிந்து உண்டு, நோயின்றி அறம் பேணுவோம்.