மாட்டிடமிருந்து வந்ததா?

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட அப்பாவுக்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. ‘மைக்ரோஸ்போரிடியா’ என்கிறார் டாக்டர். வீட்டு மாடு, நாயிடமிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: தொற்றியிருக்கலாம், அசுத்தமான தண்ணீரும் காரணமாகலாம். மைக்ரோஸ்போரிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிகளில் மனிதரிடம் பெரும்பாலும் காணப்படுவது என்டெரோசைட்டோசூன் பியெனியூசி என்ற இனம். 1985-ல் எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் குடலில் கண்டறியப்பட்டது. பின்னர் பன்றி, மாடு, நாய், பூனையிடமும் மனிதரிடம் உள்ள அதே மரபணு வகைகள் சில கிடைத்தன. இதன் வித்து சுமார் ஒரு மைக்ரான் அளவுதான். உள்ளே சுருண்டிருக்கும் நுண்குழாயைச் சட்டென வெளியே பாய்ச்சி, அதன் வழியாகவே குடல் செல்லுக்குள் நுழைந்துவிடும். வழக்கமான மலப் பரிசோதனையில் தப்பிவிடும். அல்பெண்டசோல் மருந்தும் இந்த இனத்துக்கு அவ்வளவாகக் கேட்காது.

மாற்றுச் சிறுநீரகத்துக்காக அப்பா சாப்பிடும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையின் அளவைக் குறைப்பதானால் டாக்டர்தான் குறைக்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். சாணம் அள்ளும் வேலை அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.